வீட்டில் செய்த ஹெலிகொப்டர்: "எப்போது பறக்கும்?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலையகத்துப் பையன் ஒருவன் லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு ஹெலிகொப்டர் செய்கிறான் என்று கேள்விப்பட்டால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்கிறவர்கள் நான் பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைக்கக்கூடாது. ஆனால் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி வருகிற செய்தி, வீடியோ எதை எடுத்தாலும் கேள்விகள் மாறுவதே இல்லை. எவ்வளவு செலவானது, எஞ்சின் எந்த வாகனத்தினுடையது, எப்போது பறக்கும்? இந்தக் கடைசிக் கேள்விதான் ஆளைக் கொல்லுகிற கேள்வி. யார் செக் பண்ணினார்கள், எந்தப் பாகத்தை எத்தனை மணித்தியாலம் ஓடிய பிறகு கழற்றிப் பார்த்தாய், எழுதி வைத்திருக்கிறாயா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 24 வயது இளைஞர், வெல்டிங் வேலை தெரிந்தவர், பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டவர். மாருதி 800 கார் எஞ்சினை வைத்து ஒரு ஹெலிகொப்டர் செய்திருந்தார். ஆகஸ்ட் 15 சுதந்திர தினத்தில் அதைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டதாகச் செய்திகளில் வந்தது. அதற்குச் சில நாள் முன்பு, இரவில், தரையில் நிறுத்தியபடியே எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது வால் விசிறி உடைந்து மேல் விசிறியில் அடித்து, மேல் விசிறி அவர் தலையில் அடித்து இறந்துவிட்டார். மெஷின் ஒரு அடிகூட மேலே கிளம்பவில்லை. "நம்ம தம்பி சும்மா தரையிலதான் ஓட்டிப் பார்க்கிறான், பறக்கவெல்லாம் மாட்டான்" என்று சொல்கிற பெற்றோர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

நான் விமானப் பொறியியல் படித்தவன் இல்லை. தேயிலை பெக்டரியில் பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். ரோலர், ரோட்டர்வேன், ட்ரையர் ஃபேன், அதற்குப் போகிற ஷாஃப்ட், பெயரிங், பெல்ட் என்று இவற்றோடுதான் என் காலம் போனது. ஹெலிகொப்டர் என்பதும் கடைசியில் ஷாஃப்ட், பெயரிங், பெல்ட்தான், அதனால்தான் இந்த விஷயத்தில் வாய் திறக்கிறேன். பெக்டரியில் ஃபேன் உடைந்தால் சுற்றிலும் இரும்புக் கவசம் இருக்கிறது, மெஷின் சீமெந்தில் போல்ட் போட்டு நிற்கிறது, சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். ஹெலிகொப்டரில் அந்த மூன்றும் கிடையாது.

கொஞ்ச நாளைக்கு முன்பு பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தம்பி கூப்பிட்டுக் காட்டினான். ஊரும் பேரும் வேண்டாம். கைவேலை நல்ல சுத்தம், வெல்டிங் தையல் போட்ட மாதிரி ஒரே சீராக இருந்தது, அந்த வயதில் என்னால் அப்படிப் போட முடிந்திருக்காது. நான் டோர்ச் அடித்துப் பார்த்தது மேல் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற தாங்கியின் அடியில். இரண்டு இரும்புத் தகடு சேர்கிற இடத்தில், போல்ட் தலையைச் சுற்றி, மெல்லிய சிவப்புப் பொடி. மஞ்சள் குங்குமம் மாதிரி நைசாக இருக்கும் அது. கேட்டேன், "இது என்ன தம்பி?" "துரு மாமா, வீடியோ எடுக்க முன்ன துடைச்சிருவேன்" என்றான்.

அது மழையில் பிடித்த துரு இல்லை. இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு இரும்பு, கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்து அசைந்து ஒன்றையொன்று தேய்த்தால்தான் அந்தப் பொடி வரும். அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது துளை பெருத்திருக்கிறது, அல்லது இறுக்கியது போதவில்லை. எதுவாக இருந்தாலும் அந்த மெஷினை அன்றைக்கு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. அவன் அதைத் துடைத்துத் துடைத்து அழகாக வைத்திருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை, அதுதான் என் ஆதங்கம். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஹார்ட்வெயார் கடை போல்ட், தலையில் பலத்தைக் காட்டுகிற 8.8 என்ற அடையாளம்கூட இல்லை, நைலோன் வைத்த நட்டைக் கழற்றிக் கழற்றித் திரும்பப் போட்டதில் கையாலேயே முடுக்க முடிந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 6 மீற்றர் விட்டமுள்ள விசிறி, நிமிடத்துக்கு 500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஹெலிகொப்டர்கள் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் சுற்றும். விசிறியின் ஒரு இறக்கை 10 கிலோ, அதன் எடை மையம் நடுவிலிருந்து ஒன்றரை மீற்றரில் என்றால், அந்த ஒரு இறக்கை மட்டும் வெளிப்பக்கம் இழுக்கிற இழுவை 4 டன்னுக்கு மேல். இறக்கை நுனி மணிக்கு 560 கிலோமீற்றருக்கு மேல் போகும். ஒரு மணித்தியாலத்தில் 30,000 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை முன்னே போகும்போது ஒரு சுமை, பின்னே வரும்போது வேறு சுமை, அதாவது இரும்பு ஒரு மணித்தியாலத்தில் 30,000 தடவை வளைந்து நிமிர்கிறது. ஒரே தடவை 10 டன் தாங்குகிற ஷாஃப்ட், அதில் பாதிச் சுமையைப் பல லட்சம் தடவை கொடுத்தால் உடையலாம். வெடிப்பு முடி மாதிரி தொடங்கும், பெரும்பாலும் வெல்டிங்கின் ஓரத்தில், அல்லது லேத்தில் தடிப்பு மாறுகிற கூர்மையான மூலையில், அல்லது கீ வைக்கிற பள்ளத்தில். பெயின்ட்டுக்கு அடியில் வளரும். அதனால்தான் "போன வாரம் நல்லா ஓடிச்சே" என்பது இந்த விஷயத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை. போன வாரம் ஓடியதும் அதன் ஆயுளில் கழிந்த கணக்குத்தான்.

லொறி ஆக்ஸிலில் இருந்து வெட்டி எடுத்த இரும்பில் மேல் ஷாஃப்ட் செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அந்த இரும்பு ஏற்கெனவே எத்தனை லட்சம் கிலோமீற்றர் உழைத்தது என்று யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் வீட்டிலேயே பூட்டி எடுக்கிற ஹெலிகொப்டர் கிட்டுகள் பல வருடமாக விற்பனையில் உள்ளன. அவற்றில் பெயர் போனது ரோட்டர்வே. எஞ்சினில் இருந்து பெல்ட்டில் ஒரு இடைநிலை ஷாஃப்ட், அதிலிருந்து செயினில் மேல் விசிறி, வால் விசிறிக்குத் தனியாக வீ-பெல்ட்கள். கம்பனி வடிவமைத்து, சோதித்து, கையேட்டோடு கொடுத்த மெஷின் அது. அதிலும் அந்த இடைநிலை ஷாஃப்ட் உடைந்த சம்பவங்கள் நடந்து, பிறகு தடிப்பான ஷாஃப்ட் போட்டார்கள். ஒரு இடத்தில் உடைந்தால் அதே மெஷின் வைத்திருக்கிற மற்றவர்களுக்குத் தகவல் போகிறது, பாகம் மாற்றப்படுகிறது. நம் பையன்கள் செய்வது உலகத்திலேயே ஒரே ஒரு மெஷின். அதில் எது முதலில் உடையும் என்று சொல்ல முன்னால் போனவர் ஒருவரும் இல்லை.

அந்த நாட்டுக் கணக்கு ஒன்றையும் சொல்கிறேன். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, ஆட்கள் சொந்தமாகச் செய்த விமானங்களைப் பற்றி 2012 இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2011 இல் அங்குள்ள சிறுரக விமானங்களில் இவை ஏறக்குறைய 10 சதவீதம், விபத்துகளில் சுமார் 15 சதவீதம், உயிர் போன விபத்துகளில் 21 சதவீதம். அதில் பெரும்பாலானவை நிலையான இறக்கை வைத்த சாதாரண விமானங்கள், ஹெலிகொப்டர் கொஞ்சம்தான். எஞ்சின் கோளாறும், விமானம் கையை மீறிப் போனதும்தான் முக்கியமான காரணங்கள். செய்து முடித்த புதிதிலும், ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கிய புதிதிலும்தான் ஆபத்து அதிகம் என்றும் சொல்கிறார்கள். அங்கே இதற்கென்று சட்டம் இருக்கிறது, செய்து முடித்ததும் அதிகாரி வந்து பார்க்கிறார், முதல் 25 அல்லது 40 மணித்தியாலம் பயணி யாரையும் ஏற்றாமல், சன நெருக்கம் இல்லாத இடத்தில் மட்டும்தான் ஓட்ட வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை. இவ்வளவும் இருக்கிற நாட்டின் கணக்கு இது.

சரி, நம் மலைக்கு வருவோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஹட்டன் ஏறக்குறைய 1,270. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. சாதாரண பெற்றோல் எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீத வலுவை இழக்கும். கொழும்பில் 100 குதிரைவலு தருகிற எஞ்சின் நுவரெலியாவில் 82 தந்தால் அதிகம். அதே நேரம் விசிறிக்கும் பிடித்துத் தள்ளக் காற்று குறைவு, அதனால் அதற்குக் கூடுதல் வலு வேண்டும். கிடைப்பது குறைகிறது, கேட்பது கூடுகிறது. வலு போதாமல் எஞ்சினை எல்லைக்கு மேல் முறுக்குவார்கள், அப்போதுதான் பெல்ட்டும் செயினும் பெயரிங்கும் அடி வாங்கும். அடுத்தது மூடுபனி. ஈரக் காற்று, பெற்றோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டருக்குள் போய் பெற்றோல் ஆவியாகும்போது உள்ளே குளிர் பல பாகை இறங்கும், வெளியே 15, 20 பாகை இருந்தாலும் உள்ளே ஐஸ் கட்டி எஞ்சின் நின்றுபோகும். இதே எஞ்சின் வேனில் ஓடுகிறபோது இது நடந்ததே இல்லையே என்பார்கள். வேனில் எஞ்சின் சூடு கார்புரேட்டருக்குப் போகிற மாதிரி செய்திருப்பார்கள், கழற்றி வேறு இடத்தில் பூட்டும்போது அந்தக் குழாயைத்தான் முதலில் தூக்கி எறிவார்கள்.

எஞ்சின் நின்றால் விசிறி சுற்றுகிற வேகத்தை வைத்தே இறக்கலாம் என்று வீடியோவில் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். உண்மைதான், இறக்கலாம். ஆனால் இலேசான விசிறியில், இறக்கைகளின் சாய்வைக் குறைக்கிற கைப்பிடியைக் கீழே தள்ள ஓரிரு வினாடிதான் கிடைக்கும். தரைக்குக் கிட்ட, வேகமில்லாமல் நிற்கும்போது நின்றுபோனால் அதுவும் கைகொடுக்காது. பயிற்சி எடுத்த விமானியே தடுமாறுகிற வேலை அது. அப்படியே இறக்கினாலும் எங்கே இறக்குவது? தேயிலைச் சரிவிலா? பள்ளத்தாக்குக்குக் குறுக்கே போகிற மின்கம்பிகளுக்கு நடுவிலா? 1974 டிசம்பர் 4 ஆம் திகதி நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதிய டிசி-8 விமானத்தில் 191 பேர் போனார்கள். 2020 ஜனவரியில் ஹப்புத்தளையில் விமானப்படையின் வை-12 விழுந்து 4 பேர் போனார்கள். இரண்டும் வேறு வகை விமானம், வேறு கதை, ஆனாலும் இந்த மலை பயிற்சி பெற்றவர்களுக்கே சுலபமான இடம் இல்லை.

"கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஓட்டிப் பார்க்கிறோம், சிகோர்ஸ்கியே அப்படித்தானே செய்தார்" என்று அந்தத் தம்பியும் சொன்னான். ஹெலிகொப்டர் முன்னோடி இகோர் சிகோர்ஸ்கி 1939 செப்டெம்பர் 14 இல் விஎஸ்-300 மெஷினைக் கயிற்றோடும் பாரத்தோடும்தான் கிளப்பினார், கயிறில்லாமல் பறந்தது 1940 மே மாதம். அவருக்குப் பின்னால் ஒரு விமானக் கம்பனியே நின்றது, ஓட்டிப் பார்த்துப் பார்த்து மெஷினை மாற்றி மாற்றிப் பூட்டினார்கள். நம் ஆட்கள் வேலிக் கம்பத்தில் கட்டுகிற கயிறு பாதுகாப்பு இல்லை, இன்னொரு ஆபத்து. ஒரு பக்கத்துக் கால் மட்டும் கயிற்றில் இழுபட்டால் மெஷின் அந்த இடத்தையே அச்சாக வைத்துப் பக்கவாட்டில் புரளும். ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எதிர்ப்பக்கம் முழுதாகத் தள்ளினாலும் நிமிராது. விசிறி தரையில் அடிக்கும், துண்டுகள் பறக்கும். சுற்றி நின்று போனில் படம் பிடிக்கிற சின்னப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பாதையெல்லாம் மண்சரிவில் அடைபட்ட நாட்களில், பல இடங்களுக்கு உதவி ஹெலிகொப்டரில்தான் வந்தது. அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு நாமும் ஒன்று செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு, நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஹெலிகொப்டர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தரையில் ஆட்கள் இருக்கிறார்கள், ஓடிய நேரம் எழுதப்படுகிறது, நேரம் முடிந்த பாகம் நன்றாக இருந்தாலும் கழற்றப்படுகிறது. ரொபின்சன் ஆர்22 என்ற சின்ன ஹெலிகொப்டரை 2,200 மணித்தியாலம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். ஓடாமல் கொட்டிலில் நின்றாலும் 12 வருடம்தான்.

செய்கிற தம்பிமார்களுக்கு: முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். என்றைக்கு எத்தனை நிமிடம் ஓட்டியது, எதைக் கழற்றியது, எதை மாற்றியது, என்ன அதிர்வு தெரிந்தது, எல்லாம் எழுதுங்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் நட்டையும் போல்ட்டையும் தகட்டையும் சேர்த்துப் பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள், கோடு விலகினால் நட் நகர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டுகிற டோர்க் ரென்ச் இல்லாமல் சுற்றுகிற பாகம் எதையும் இறுக்காதீர்கள். சுற்றுகிற இடத்தில் நைலோன் நட்டை நம்பாதீர்கள், பள்ளம் வெட்டிய நட்டும் ஸ்பிளிட் பின்னும் போடுங்கள், அல்லது நட் கழராமல் பிடிக்கிற லொக் வயர் கட்டுங்கள். பெயரிங்கில் சூடு காட்டுகிற ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நீங்கள் இறுக்கியதை நீங்களே செக் பண்ணாதீர்கள், இன்னொருவரைக் கொண்டு பார்க்க வையுங்கள், அவரும் கொப்பியில் கையெழுத்து வைக்கட்டும்.

வெடிப்புப் பார்க்க வெல்டிங் சாமான் விற்கிற கடையில் மூன்று ஸ்ப்ரே டின் கிடைக்கும். பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, முதல் டின்னால் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து ஒரு பத்து நிமிடம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தால், வெடிப்பு இருந்த இடத்தில் சிவப்புக் கோடு மெல்ல ஊறி வரும். மேற்பரப்புக்கு வந்த வெடிப்பை மட்டும்தான் இது காட்டும். அந்தத் தம்பியின் வால் குழாயில் நாங்கள் இரண்டு பேரும் இதைச் செய்து பார்த்தோம். ஒழுங்காகத் தெரிந்த வெல்டிங்கின் ஓரத்தில், நகத்தளவு நீளத்தில், கோடு வந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கே மேல் விசிறியையும் வால் விசிறியையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டான். இப்போது விசிறி இல்லாமல் எஞ்சினை மட்டும் ஓட்டிப் படித்துக்கொண்டிருக்கிறான்.

எல்லோரும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று நான் கேட்கிறேன். செய்யுங்கள், படியுங்கள், பள்ளிக்கூடக் கண்காட்சியில் வையுங்கள், ஆனால் விசிறி வேண்டாம். மேலே சொன்ன கொப்பியும் கோடும் சேர்ந்தாலும் அது பறக்கத் தகுந்த மெஷின் ஆகிவிடாது. பறப்பதற்கு 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது, பதிவும் அனுமதியும் வேண்டும், 4R என்று தொடங்குகிற நம் நாட்டுப் பதிவெண் இல்லாமல், சொந்தமாகச் செய்த ஹெலிகொப்டரை நம் வானத்தில் கிளப்ப முடியாது. சொந்தமாக விமானம் செய்ய ஆசைப்படுகிறவர் யாரிடம் போக வேண்டும், என்ன காட்ட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று சிவில் விமான சேவை அதிகார சபை தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை போட்டு, தோட்டப் பாடசாலைகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும். இந்த அளவுக்குக் கையும் மூளையும் உள்ள பிள்ளைகளுக்கு என்.வி.க்யூ என்கிற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழோடு விமானப் பராமரிப்புப் பயிற்சிக்குப் போக வழி காட்டி, பஸ் காசுக்கும் தங்குமிடத்துக்கும் யாராவது பொறுப்பெடுத்தால், அவர்கள் வால் குழாய்க்குச் செலவழிக்கிற காசிலேயே ஒரு தொழில் கிடைத்துவிடும். நம் மக்கள் பிரதிநிதிகள் பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல் இதற்கு ஒரு கடிதமாவது எழுதிக் கொடுக்கலாம்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படி ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போனால் அவனுடைய கொப்பியைக் கேளுங்கள். கொப்பி இல்லையென்றால் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லாதீர்கள், படத்துக்காக விசிறியைச் சுற்ற விடாதீர்கள், பறக்கும் திகதியைச் செய்தியில் போடாதீர்கள். திகதி போட்டுவிட்டால் ஊர் முழுக்க அதை எதிர்பார்க்கும், பிறகு அவனால் பின்வாங்க முடியாது.

என்னிடம் ஒரு டோர்க் ரென்ச்சும் அந்த மூன்று ஸ்ப்ரே டின்னும் இருக்கின்றன. பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் யாராவது இந்த வேலையில் இருந்தால் காசு ஒன்றும் வேண்டாம், வந்து பார்த்துத் தருகிறேன். என் விலாசம் உங்களிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை பிட்டர்,
பொகவந்தலாவை.